விரல் கோத்த வடிகட்டி

'சிறுநீரில் புரதம் போகிறது என்றால் சிறுநீரகத்தில் ஓட்டை விழுந்துவிட்டதா?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஓட்டைகள் எப்போதும் இருப்பவைதான். அவற்றில் கட்டிய வலைதான் கெட்டுப்போகிறது.

ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண் வடிகட்டிகள். ஒவ்வொன்றின் தலையிலும் ரத்தத் தந்துகிகளின் முடிச்சு. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு வடிப்பது ஏறத்தாழ 180 லிட்டர். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். சரி, அந்த முடிச்சின் வெளிப்புறத்துக்குப் போவோம்.

அங்கே போடோசைட் என்னும் செல்கள் தந்துகியைக் கவ்விப் படர்ந்திருக்கின்றன. உங்கள் இரு கை விரல்களையும் கோத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துப் போடோசைட்களின் விரல்கள் அப்படித்தான் ஒன்றினுள் ஒன்று நுழைந்து நிற்கும். விரல்களுக்கு நடுவே சுமார் 40 நானோமீட்டர் சந்து. ரத்தத்தின் அல்புமின் என்ற புரதத்துக்கு அது ராஜபாட்டை!

ஆனால் அங்கே நெஃப்ரின் என்ற ஒட்டுப் புரதம் குறுக்கே நிற்கிறது. இந்தக் கரையிலிருந்து ஒன்று கை நீட்டும், எதிர்க்கரையிலிருந்து இன்னொன்று; நடுச்சந்தில் இரண்டும் பிடித்துக்கொள்ளும். 1974-லேயே எலக்ட்ரான் நுண்ணோக்கி இந்த அமைப்பை ஜிப் போலக் காட்டிவிட்டது. ஜிப்பின் பல் எது என்பது தெரியவர 1998 ஆயிற்று. பிறவியிலேயே சிறுநீரில் புரதத்தை இழக்கும் பின்லாந்துக் குழந்தைகளின் மரபணுவைத் தேடிப்போன ஆய்வாளர் கார்ல் ட்ரிக்வாசன் குழுவிடம்தான் அது அகப்பட்டது.

நெஃப்ரினை வெறும் பசை என்று நினைத்துவிடாதீர்கள். அதன் வால் செல்லுக்குள் நீண்டிருக்கிறது. வெளியே பிடி இருக்கிறதா, விட்டுப்போனதா என்ற சேதி அதன் வழியே உள்ளே போகும்; விரலுக்கு எலும்புபோல் இருக்கும் ஆக்டின் இழைகள் அதற்கேற்ப மாறும். பிடி குலைந்தால் விரல்கள் மடங்கி, தட்டையாகிப் பரந்துவிடும். பார்த்தால் சந்துகளே அடைபட்டதுபோல் இருக்கும். ஆனாலும் புரதம் ஒழுகும். இந்த முரண் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

கருவில் சிறுநீரகம் உருவாவதும் ஒட்டுதலால்தான். தளர்வாகக் கிடக்கும் செல்கள் கேட்ஹெரின் என்னும் ஒட்டுப் புரதங்களால் இறுகி நெஃப்ரான் குழாயாகின்றன. அப்புறம், பழ ஈயின் நெஃப்ரோசைட் செல்களும் நெஃப்ரினின் உறவுக்காரப் புரதத்தை வைத்தே வடிகட்டுகின்றன. ஈயை ஆராயக் காசு எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

போடோசைட்டின் அடிப்பக்கத்தை வேறொரு ஒட்டுப் புரதம், இன்டெக்ரின், தந்துகியின் சவ்வோடு பிணைக்கிறது. அந்தப் பிடியும் விட்டால் செல்லே கழன்று சிறுநீரோடு போய்விடும். வளர்ந்த போடோசைட் பிரிந்து பெருகுவது மிக அரிது; அதனால் போன இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும்.