நரைமுடியும் கருமுடியும் இந்தக் கருவிக்கு ஒன்றுதான்

தருமபுரி பக்கம் நரைத்துப்போனதற்கு போர் தண்ணீரைத் திட்டாத ஆள் குறைவு. ஆனால் வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது, வேரில் மெலனின் என்ற நிறமியைச் செய்யும் செல்கள் வேலையை நிறுத்தினால்தான் நரை. சரி, ஒரு கருமுடியையும் ஒரு நரைமுடியையும் அகச்சிவப்பு நிறமாலைமானியில் (எந்த ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கோடாக வரைந்து காட்டும் கருவி) வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டாமா? தெரியாது, இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

அணுப் பிணைப்புகள் அதிர்ந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றும் தன் அதிர்வுக்குப் பொருந்தும் ஒளியை மட்டும் உறிஞ்சும். முடியில் பெரும்பகுதி கெரட்டின் புரதம் என்பதால், சென்டிமீட்டருக்கு 1650, 1540 அலைகள் என்ற இடங்களில் இரண்டு பெரிய முகடுகள் எழும். மெலனினோ எடையில் 1 முதல் 3 சதவீதம்தான், அமைப்பும் ஒழுங்கற்றது, அதனால் அகலமாகப் பரவி அவற்றின் அடியில் அமுங்கிவிடும். போதாததற்கு, முடியை வைரத்தின் மேல் அழுத்திப் பார்க்கும் வழக்கமான முறையில் ஒளி 1, 2 மைக்ரான் ஆழம்தான் போகும். அது மேல்செதிலோடு நின்றுவிடும், மெலனின் மணிகள் அதற்கும் உள்ளே இருக்கின்றன. நிறமியைப் படிக்க வேண்டுமென்றால் புரதத்தைக் கரைத்துத் தனியே பிரித்தெடுக்க வேண்டும்.

ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் முடித்து வந்தவரின் முடியை அப்படியே வைத்தால் 1745 பக்கம் கூர்மையாக ஒன்று எழும், அது எண்ணெயில் உள்ள எஸ்டர் என்ற பிணைப்பு. அதனால் முதலில் கரைப்பானில் அலசிவிடுவார்கள்.

இந்தக் கருவி கெட்டிக்காரத்தனம் காட்டுவது சேதத்தைக் கண்டுபிடிப்பதில். முடிக்கு உறுதி தருவது கந்தக அணு இரண்டு கைகோத்த இணைப்பு. வேடிக்கை என்னவென்றால், இருபுறமும் ஒரே அணு என்பதால் அதிர்ந்தாலும் மின்சுமைப் பரவல் பெரிதாக மாறாது, அகச்சிவப்பில் அது தெரிவதே இல்லை (லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் ராமன் முறையில் 510 பக்கம் தெரியும்). உடைந்தால்தான் மாட்டிக்கொள்ளும்! பிளீச்சில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு அந்த இணைப்பை சிஸ்டீயிக் அமிலமாக்க, 1040-இல் புது முகடு முளைக்கும். வெயிலும் இதையே மெதுவாகச் செய்கிறது. முடி மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும், ஆக 60 சென்டிமீட்டர் பின்னலின் நுனி கிருஷ்ணகிரியின் ஐந்து மாம்பழ சீசன் வெயிலைப் பார்த்தது. வேரிலிருந்து நுனிவரை துண்டு துண்டாக அளந்தால் 1040 ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் ஆய்வுக்கு முடி எடுக்கும்போது வேர்ப்பக்கம் எது என்று முதலிலேயே நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது, கலந்துவிட்டால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை.