மியூட்டினி: கலவரமா, கலகமா, கிளர்ச்சியா?

வேலூர்க் கோட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் எதை எடுத்தாலும் 'மியூட்டினி' வந்துவிடும். ஆனாலும் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்ணின் நோட்டில் அதற்குப் பொருள் 'கலவரம்' என்று இருந்தது. தெருவில் யாரும் செய்யக்கூடியது கலவரம். ஆங்கிலத்தில் அது 'ரயட்'. கட்டளைக்குக் கட்டுப்பட்ட படைவீரர்களோ மாலுமிகளோ மேலதிகாரியை எதிர்த்து ஒன்றாக எழுந்தால்தான் மியூட்டினி.

16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. அடியில் இருப்பது லத்தீன் 'மொவேரே', அதாவது அசைத்தல். எமோஷன், புரமோஷன், கும்பலைக் குறிக்கும் 'மாப்' எல்லாம் அந்த வேரில் கிளைத்தவையே. மோட்டாரும் அப்படித்தான். "உங்க கழனி மோட்டார் கொட்டாய்ல ஓடுதே, அதுவும் இதுவும் பங்காளிம்மா" என்றேன். அதன்பின் அவளுக்கு அந்தச் சொல் மறக்கவே இல்லை.

தமிழில் என்ன சொல்வது? 'கலகம்' வடமொழி 'கலஹ'த்திலிருந்து வந்தது. சண்டை, சச்சரவு என்று பொருள். 'கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும்' என்ற பழமொழி இருந்தும், கலகக்காரன் என்றால் வம்புக்காரன் என்றே காதில் விழுகிறது. தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டு, நெற்றிக் குறியை அழி, தாடியை எடு என்ற உத்தரவுகளைப் பொறுக்காமல் 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து எழுந்த இந்தியச் சிப்பாய்களை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

'புரட்சி' புரள்வதிலிருந்து வந்தது. ஆட்சியே தலைகீழாகப் புரளும் 'ரெவல்யூஷன்' அதுதான். கோட்டையில் திப்புவின் கொடியை ஏற்றியவர்களின் எண்ணம் அதுவாக இருந்திருக்கலாம். ஆனால் ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றே கோட்டையை மீட்டுவிட்டது. 'வேலூர்ப் புரட்சி' என்று பெருமையோடு சொல்வதை நானும் விடமாட்டேன். அது நாம் அந்த நாளுக்கு வைத்த பெயர். மியூட்டினிக்கு நேர்ச்சொல் கேட்டால் மட்டும் 'படைக்கிளர்ச்சி' என்பேன். கிளர்தல் என்றால் பொங்கி மேலெழுதல். லத்தீன் வேரின் அசைவு அதில் உயிரோடு இருக்கிறது. எழுந்தது யார் என்பதைப் 'படை' சொல்லிவிடுகிறது.

'மியூட்டினியர்' என்று வந்தால் கிளர்ச்சியாளர் என்று எழுதுங்கள். 'துரோகி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது 'டிரெய்ட்டர்', முற்றிலும் வேறு சொல்.