'டீச்சர் கோர்': படையா, அணியா?

ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்குப் பட்டதாரிகளை அனுப்பிய அமெரிக்காவின் 'டீச்சர் கோர்' (Teacher Corps) திட்டத்தைத் தமிழில் எழுதும் சிலர் 'டீச்சர் கார்ப்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலம் பேசுபவர் காதில் அது 'ஆசிரியர் பிணம்' என்று விழும். 'corps' என்ற சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளும் ஒருமையில் ஒலிப்பதே இல்லை. பிரெஞ்சு வழியாக வந்ததன் விளைவு.

மூலம் லத்தீனின் 'கார்ப்பஸ்', அதாவது உடல். பிணத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் அதுதான் தாய். பல உறுப்புகள் கூடி ஓர் உடலாக இயங்குவதுபோல் இயங்கும் படைப்பிரிவு 'கோர்' ஆனது. நமக்கு இது புதிதில்லை. குறளின் படைமாட்சி அதிகாரமே 'உறுப்பமைந்து' என்றுதான் தொடங்குகிறது.

அமெரிக்கர்கள் இந்தப் பட்டாளச் சொல்லைத் துப்பாக்கி இல்லாத வேலைகளுக்கும் கொண்டுபோனார்கள். 1933இல் வேலையில்லாத இளைஞர்களை மரம் நட அனுப்பிய ரூஸ்வெல்ட்டின் திட்டத்தின் பெயரில் அது இருந்தது. 1961இல், தொண்டர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் கென்னடியின் 'பீஸ் கோர்' வந்தது. 1965இல், அதிபர் ஜான்சன் காலத்து உயர்கல்விச் சட்டத்தின் வழியாக 'டீச்சர் கோர்'. பட்டதாரிகளைக் குழுவாக ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பி, அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரின் கீழ் பழக்கினார்கள். கூடவே பல்கலைக்கழகப் படிப்பும் நடந்தது. ஜான்சனே 1928இல் டெக்சாஸின் கொட்டுலா ஊரில் ஏழை மெக்சிகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர்தான்.

வேடிக்கை என்னவென்றால், நிஜமான படைவீரர்களை வகுப்பறைக்கு அழைத்த திட்டத்தின் பெயரில் 'கோர்' இல்லை. பனிப்போர் முடிந்து ராணுவத்தில் ஆள்குறைப்பு நடந்த 1990களில் தொடங்கிய அதன் பெயர் 'ட்ரூப்ஸ் டு டீச்சர்ஸ்'. பிரிட்டனும் பின்னால் அதே பெயரில் ஒன்றைத் தொடங்கியது. ராணுவத்தை விட்டு வந்தவரை மறுபடி ஒரு 'படை'யில் சேர்ப்பானேன் என்று நினைத்தார்களோ என்னவோ!

நைஜீரியாவில் கதை வேறு. அங்கே 1973இல் தொடங்கிய தேசிய இளைஞர் சேவைத் திட்டத்தின் பெயரில் 'கோர்' உண்டு. பட்டம் வாங்கிய இளைஞர்கள் காக்கி உடுத்தி, முகாமில் அணிவகுத்துப் பழகி, ஓராண்டு பணிக்குப் போகிறார்கள். பலருக்குக் கிடைப்பது ஆசிரியர் வேலை. ஊர்க்காரர்கள் அவர்களை 'கோர்ப்பர்' என்கிறார்கள். ஊமையாக இருந்த எழுத்துக்கு அங்கே வாய் வந்துவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஆசிரியர் அணி' என்றால் நமக்குக் கட்சிக் கொடிதான் கண்ணில் தெரியும்; மாணவர் அணி, வழக்கறிஞர் அணி என்று கேட்டே பழகிவிட்டோம். 'பட்டாளம்' அழகான சொல். பட்டாலியனிலிருந்து வந்து 'பிள்ளைப் பட்டாளம்' வரை இறங்கிவிட்டது, ஆனால் அரசுத் திட்டத்துக்குச் சற்று விளையாட்டாக இருக்கும். 'பீஸ் கோர்' அமைப்பை 'அமைதிப் படை' என்று பெயர்த்தால், 1987க்குப் பிறகு ஈழத்தமிழர் மனத்தில் எழுவது வேறு நினைவு.

என் தேர்வு 'ஆசிரியப் பணிப்படை'. வெறும் 'படை' என்றால் பிரம்பு நினைவுக்கு வருகிறது. 'பணி' சேர்ந்தால் அது குறைகிறது. 'தேசிய மாணவர் படை' என்று ஏற்கெனவே சொல்லிப் பழகியவர்களுக்கு இது உறுத்தாது. முன்னாள் படைவீரர் திட்டத்தைப் 'படையிலிருந்து பள்ளிக்கு' என்றே சொல்லிவிடலாம். அதற்குக் 'கோர்' வேண்டியதில்லை.