சிரித்த முகத்துக்கும் சம்பளம் உண்டா?

நாகர்கோவிலில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஓணம், தீபாவளி சீசன் முடிந்தால் துணிக்கடை விற்பனைப் பெண்கள் வருவார்கள். ஐயப்ப சீசன் முடிந்தால் கன்னியாகுமரி லாட்ஜ் வரவேற்பில் நிற்பவர்கள். செவிலியர்கள் வருடம் முழுக்க வருகிறார்கள். தலைவலி, தூக்கமின்மை என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளை ஏதாவது கேட்டாலே எரிஞ்சு விழுறேன்க்கா" என்று அழுவார்கள்.

ஒரு பெண் சொன்னது: ஒரு அம்மா கவுண்டர் நிறையச் சேலைகளைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "உனக்குக் காட்டவே தெரியல்ல" என்று எழுந்துவிட்டார். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "சரிம்மா, அடுத்த தடவை வாங்க" என்று சிரித்து அனுப்பிவிட்டுச் சேலையை மடித்தால், மடிப்பு சேரவில்லையாம், கை அவ்வளவு நடுக்கம். அதற்குள் அடுத்த ஆள் வந்தாயிற்று.

இந்தச் சிரிப்பும் உழைப்புதான். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983-லேயே விமானப் பணிப்பெண்களை வைத்து இதை 'உணர்ச்சி உழைப்பு' என்று விளக்கினார். உள்ளே கொதிக்கும்போது முகத்தில் மட்டும் சிரிப்பை ஒட்டிக்கொள்வதுதான் ஆளை அதிகம் உருக்குகிறது என்று பின்னால் வந்த பல ஆய்வுகளும் காட்டின. நாள் முழுக்க அடக்கிய கோபம், அடக்கத் தேவையில்லாத இடத்தில், அதாவது வீட்டில், வெளியே வருகிறது. அதனால் அந்தப் பெண்களிடம் நான் முதலில் சொல்வது, "நீங்க மோசமான அம்மா இல்ல, களைச்சுப் போயிருக்கீங்க."

"பொறுத்துப் போ" என்பது மட்டும் இதற்கு மருந்தாகாது. முதலாளிகள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. பெயருக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிட்டு உட்கார்ந்தால் முறைப்பது நியாயமில்லை. அவமானப்பட்டவரைப் பத்து நிமிடம் உள்ளே அனுப்பித் தண்ணீர் குடிக்க விடுங்கள். எல்லை மீறும் வாடிக்கையாளரிடம் சூப்பர்வைசரே போய்ப் பேசட்டும். ஊழியருக்குத் தனக்காக ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்தாலே பாதி பாரம் இறங்கிவிடும். இதை என்னிடம் வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தாலோ, வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடத்தாலோ தள்ளிப்போடாதீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. லீவு கிடைக்காதவர்கள் 14416-ஐ அழைக்கலாம். அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.