‘ஹார்ட் பாப்’: தமிழில் என்ன சொல்வது?

hard bop என்ற ஜாஸ் பாணியை ‘ஹார்ட் பாப்’ என்று தமிழில் எழுதியவுடன் ஒரு வம்பு வந்து சேர்கிறது. ஆங்கிலத்தின் b, p என்ற இரண்டு ஒலிகளை நம் ‘ப’ ஒன்றே சுமப்பதால், படிப்பவர் இதை மைக்கேல் ஜாக்சன் பாடிய பாப் இசையின் முரட்டுத் தம்பி என்று நினைத்துவிடுகிறார். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இந்தப் பாப், ‘பீபாப்’ என்பதன் குறுக்கம். 1940-களில் நியூயார்க்கில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வளர்த்த வேகமான, சிக்கலான ஜாஸுக்கு அந்தப் பெயர். ஜாஸ் பாடகர்கள் வாயால் உதிர்க்கும் பொருளற்ற அசைகளிலிருந்து அது பிறந்தது என்பார்கள். தகதிமிக்குப் பொருள் தேடி யாராவது அகராதியைப் புரட்டுவார்களா?

‘ஹார்ட்’ என்ற அடைமொழி 1950-களில் சேர்ந்தது. கலிபோர்னியாப் பக்கம் ‘கூல் ஜாஸ்’ என்ற அடங்கிய பாணி பரவிய நேரம். கிழக்குக் கரையின் கறுப்பினக் கலைஞர்கள் பீபாப்பில் கறுப்பின மக்களின் பாட்டு வகையான புளூஸையும் தேவாலயப் பாட்டின் உருக்கத்தையும் ஏற்றி, தாளத்துக்கு முறுக்கேற்றினார்கள். அந்த முறுக்குத்தான் ‘ஹார்ட்’.

1954 பிப்ரவரி 21 இரவு, நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் இரவு விடுதியில் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனம் செய்த நேரடிப் பதிவைக் கேட்டால் விளக்கமே வேண்டாம். தலைமை, டிரம்ஸ் வாசித்த ஆர்ட் பிளேக்கி. வயது 34, பில்லி எக்ஸ்டைன் போன்றோரின் பெரிய குழுக்களில் தேறிய கை. டிரம்பெட்டில் 23 வயது கிளிஃபோர்ட் பிரவுன், பியானோவில் ஹோரஸ் சில்வர். காலால் மிதிக்கும் ஜோடித் தட்டு இரண்டாம், நான்காம் அடிகளில் பட்டென்று மூடுகிறது. தனி வாசிப்பு ஒரு சுற்றை முடிக்கப்போகும் இடத்தில் பிளேக்கியின் உருட்டு சன்னமாகத் தொடங்கி, பெருகி, வாசிப்பவரை அடுத்த சுற்றுக்குள் தள்ளிவிடுகிறது. இளைஞர்களோடுதான் இருப்பேன், இவர்களுக்கு வயதானால் வேறு இளைஞர்களைப் பிடித்துக்கொள்வேன் என்று மேடையிலேயே சொல்கிறார். 1990-இல் இறக்கும்வரை அப்படியே செய்தார்.

தமிழுக்கு வருவோம். ‘கடின பாப்’ என்றால் புரிந்துகொள்ளக் கடினமான இசை என்றாகிவிடும். ‘வன்பாப்’ பழைய குழப்பத்தையே நீட்டும். என் தேர்வு ‘வல்லிசை ஜாஸ்’. வல்லிசை நான் கட்டிய சொல்லன்று. ‘வல்லிசை வண்ணம் வல்லெழுத்து மிகுமே’ என்கிறது தொல்காப்பியச் செய்யுளியல்; வண்ணம் என்பது செய்யுளின் ஓசைநடை. அதையடுத்து வருவது மெல்லிசை வண்ணம். மெல்லிசையை மேடைக்கு அழைத்துவந்த நாம் வல்லிசையை நூலிலேயே விட்டுவிட்டோம். அப்படியானால் கூல் ஜாஸை ‘மெல்லிசை ஜாஸ்’ என்று சொல்லலாமா? எனக்குத் தயக்கம்தான். மெல்லிசை என்றதும் கல்யாண வரவேற்பில் பாடும் திரைப்பாட்டுக் குழுதான் கண்முன் வருகிறது.