கண்ணுக்குள் ஊசியா?

"டாக்டரம்மா, கண்ணுலேயேவா ஊசி?" வாரத்தில் பத்துத் தடவையாவது இந்தக் கேள்வி என் அறையில் எழும். கேட்கிறவர் முகம் வெளிறிப்போயிருக்கும். கூட வந்த மகளோ மருமகனோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். நான் விழித்திரை மருத்துவர். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் சர்க்கரையால் கண் பாதித்தவர்கள். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது சொல்ல முடியாத பதிலை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு அண்ணாச்சி வந்தார். பலசரக்குக் கடைக்காரர், பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. "வலது கண்ணுக்கு மட்டும் கண்ணாடி மாத்திக் குடுங்கம்மா, கணக்கு நோட்டுல கோடு நெளியுது. இடது கண்ணு அம்சமா இருக்கு" என்றார். உண்மைதான், எழுத்துப் பலகையில் இடது கண்ணால் கடைசி வரி வரை தடங்கல் இல்லாமல் படித்தார். 6/6. இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டு, கண்மணி விரியும் வரை உட்கார வைத்து, விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.

வலது கண்ணில் விழித்திரையின் நடுப்பகுதி நீர் கோத்து வீங்கியிருந்தது. கோடு நெளிகிறது என்று அவர் சொன்னபோதே எதிர்பார்த்ததுதான். எனக்குத் திக்கென்றது இடது கண்ணைப் பார்த்துத்தான். பார்வை நரம்பின் வட்டத்து விளிம்பில், முளைவிட்ட வெந்தயத்தின் வேர்போல மெல்லிசாக, ஆனால் சிவப்பாக, இழைகள் கொத்தாகக் கிளம்பியிருந்தன. புதிய ரத்தக்குழாய்கள். அவர் அம்சமாக இருக்கிறது என்ற கண்ணில்தான் ஆபத்து அதிகமாக இருந்தது.

"புதுசா ரத்தக்குழாய் வந்தா நல்லதுதானே டாக்டர்?" என்று அவருடைய மகன் கேட்டார். நியாயமான கேள்வி. உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டிய கேள்வியும் கூட.

உடம்பில் எடைக்கு எடை பார்த்தால் ஆக்ஸிஜனை மிக அதிகமாக எடுத்துக்கொள்ளும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. அதற்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களின் உள்சுவர் ஒரே ஒரு அடுக்கு செல்களால் ஆனது. ஓடு பதித்த மாதிரி அவை இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிப்பக்கம் பெரிசைட் என்ற செல்கள் அந்தச் சுவரை அணைத்துப் பிடித்திருக்கும். சர்க்கரை பல வருடம் கூடுதலாகவே இருந்தால் முதலில் சாகிறவற்றில் இந்தப் பெரிசைட்டுகளும் உண்டு. பிடிமானம் போனதும் குழாய் அங்கங்கே குமிழ்விடுகிறது, கசிகிறது, சில இடங்களில் அடைத்தே போகிறது. அடைத்த இடத்துக்கு அப்பால் இருக்கும் விழித்திரை மூச்சுத் திணற ஆரம்பிக்கிறது.

அங்கே ஹிஃப் என்ற புரதம் வேலைக்கு வருகிறது. ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கும்வரை செல் இதை உண்டாக்கி உண்டாக்கி உடனுக்குடன் அழித்துக்கொண்டே இருக்கும். ஆக்ஸிஜன் குறைந்தால் அழிவது நின்றுவிடும். மிஞ்சிய ஹிஃப் செல்லின் உட்கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களை முடுக்கிவிடும். செல்கள் ஆக்ஸிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்ததற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா ஆகிய மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஹிஃப் முடுக்கிவிடும் மரபணுக்களில் ஒன்று வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியை உண்டாக்குகிறது. "இங்கே மூச்சு முட்டுகிறது, புதுக் குழாய் போடுங்கள்" என்று ரத்தக்குழாயின் உள்சுவர் செல்களுக்கு விழித்திரை அனுப்பும் ஆள் அது.

இப்படி ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்பதை ஒரு கண் மருத்துவர் ரொம்ப முன்னாலேயே ஊகித்திருந்தார். ஐசக் மைக்கேல்சன், 1948-ல். பட்டினி கிடக்கும் விழித்திரையிலிருந்து ஏதோ ஒன்று பரவிப்போய்க் குழாய்களை வளர வைக்கிறது என்று எழுதினார். அது எது என்று பிடிக்க அன்றைக்குக் கருவி இல்லை. 1971-ல் பாஸ்டனில் ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய்க் கட்டிகளும் இப்படித்தான் தங்களுக்கு ரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்கின்றன, அதைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்றார். அப்போது அதை நம்பியவர்கள் குறைவு.

அப்புறம் உயிர்வேதியியலாளர்களின் காலம். டெனிஸ் கோஸ்போடரோவிச் 1974-ல் மாட்டின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த எஃப்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைப் பற்றி எழுதினார். ரத்தக்குழாய் செல்களை அது நன்றாக வளர்த்தது. தேடியது கிடைத்துவிட்டது என்று பலரும் நினைத்தார்கள். சிசிலித் தீவில் மருத்துவம் படித்துவிட்டு சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு ஆய்வுக்கு வந்த நெப்போலியோனே ஃபெராராவுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. செல்லைவிட்டு வெளியேற வேண்டிய புரதத்தின் முனையில் பொதுவாக அதற்கான அடையாளத் துண்டு ஒன்று இருக்கும். எஃப்.ஜி.எஃப்.பில் அது இல்லை. வெளியே வர வழியில்லாத பொருள் எப்படிப் பக்கத்துக் குழாய்க்குச் செய்தி சொல்லும்? அது போக, எஃப்.ஜி.எஃப். பல வகை செல்களையும் வளர்க்கிறது.

ஆகவே அவர் பிட்யூட்டரி செல்களை வளர்த்த திரவத்தையே எடுத்துக்கொண்டார். செல்லிலிருந்து வெளியே வந்த எதுவானாலும் அதில் இருந்தாக வேண்டும் அல்லவா? 1988-ல் ஜெனென்டெக் நிறுவனத்தில் வேறு ஒரு ஹார்மோன் ஆய்வுக்காகச் சேர்ந்தவர், தன் விருப்ப ஆய்வுக்குக் கிடைத்த நேரத்தில் இந்த வேலையைத் தொடர்ந்தார். திரவத்தை ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) பூசிய குழலில் ஊற்றி, ஒட்டியதைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ரத்தக்குழாய் செல்கள்மேல் விட்டு, எது வளர வைக்கிறது என்று பார்த்தார். கடைசியில் மிஞ்சிய புரதத்தின் அமினோ அமில வரிசை அதுவரை தெரிந்த எந்தப் புரதத்தோடும் பொருந்தவில்லை. 1989-ல் வி.இ.ஜி.எஃப். என்ற பெயரோடு அது வெளிவந்தது.

இதற்கு ஆறு வருடம் முன்பே, 1983-ல், டொனால்ட் செங்கரும் ஹெரால்ட் டுவோராக்கும் கட்டியிலிருந்து வரும் வேறொரு புரதத்தைச் சொல்லியிருந்தார்கள். அது ரத்தக்குழாயைக் கசிய வைக்கும் புரதம். 1989 டிசம்பரில் இரண்டு புரதங்களின் மரபணு வரிசைகளும் ஒரே அறிவியல் இதழில் அடுத்தடுத்து அச்சாயின. ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கசிய வைப்பதும் அதுவே, வளர வைப்பதும் அதுவே.

மாணவர்களுக்கு இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கு அண்ணாச்சியின் இரண்டு கண்களும்தான் நினைவுக்கு வருகின்றன. வலது கண்ணில் வி.இ.ஜி.எஃப். உள்சுவர் செல்களின் பிடியைத் தளர்த்திக் கசிய விட்டிருந்தது, அதனால் வீக்கம், அதனால் நெளிந்த கோடு. இடது கண்ணில் அதே செல்களைப் பெருகவும் நகரவும் வைத்திருந்தது. மகன் கேட்ட கேள்விக்குப் பதிலும் அங்கேதான். இந்தப் புதுக் குழாய்கள் மூச்சு முட்டும் இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. விழித்திரையின் மேற்பரப்பைத் தாண்டிக் கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் கூழ்ப்பகுதியில் படர்கின்றன. அவற்றின் சுவர் நோஞ்சான் சுவர். கூழ் சுருங்கி இழுத்தால் அறுந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும், சில சமயம் விழித்திரையையே பிய்த்துக்கொண்டு வரும். அதுவரை வலி கிடையாது, மங்கல் கிடையாது. ஒருநாள் காலையில் பூச்சி பறக்கிற மாதிரி, நூல் மிதக்கிற மாதிரி ஏதோ தெரியும். சிலருக்குச் சாயங்காலத்துக்குள் திரை விழுந்துவிடும்.

1994-ல் பாஸ்டனில் 164 பேரின் கண்ணுக்குள்ளிருந்து எடுத்த 210 திரவ மாதிரிகளைச் சோதித்தார்கள். புதுக் குழாய்கள் மும்முரமாக வளரும் கண்களில் வி.இ.ஜி.எஃப். ஏறியிருந்தது. லேசர் செய்து பலன் கிடைத்த கண்களில் அது நான்கில் மூன்று பங்கு இறங்கியிருந்தது. லேசர் என்ன செய்கிறது என்பதும் இதனால் தெளிவாயிற்று. விழித்திரையின் ஓரப்பகுதிகளில் பொட்டுப் பொட்டாகச் சுட்டு, ஆக்ஸிஜன் கேட்கும் வாய்களைக் குறைக்கிறோம். கேட்பது குறைந்தால் ஆள் அனுப்புவதும் குறையும்.

ஊசி வேறு வழியில் போகிறது. வி.இ.ஜி.எஃப்.பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் அதில் இருக்கிறது. இந்த வகை மருந்தான பெவசிசுமாப் 2004-ல் குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கண்ணுக்கென்று செய்த ரானிபிசுமாப் 2006-ல் வந்தது. அதற்கு முந்தைய வருடமே மயாமியில் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் என்ற மருத்துவர் பெவசிசுமாப்பைக் கண்ணுக்குள் போட்டுப் பார்த்துப் பலன் கண்டிருந்தார். 2013-ல் உலகச் சுகாதார நிறுவனம் கண் சிகிச்சைக்கான இன்றியமையாத மருந்தாக அதைச் சேர்த்தது. பெவசிசுமாப் விலை குறைவான ஊசி என்பதால் மட்டமான ஊசி என்று நினைக்க வேண்டாம். ஆனால் ஒரு குப்பியைப் பலருக்குப் பிரிப்பதால், அதைக் கிருமி புகாமல் பிரிக்கிற இடத்தில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். "எப்படிப் பிரிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சரி, ஊசி எப்படி இருக்கும்? மரத்துப்போக சொட்டு விடுவோம். கண்ணையும் இமையையும் அயோடின் மருந்தால் கழுவுவோம், அதுதான் கொஞ்சம் எரியும். கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழி வழியாக, முடிபோன்ற மெல்லிய ஊசி. உள்ளே போவது 0.05 மில்லி, ஒரு சொட்டு அளவு. அழுத்துவது தெரியும், அவ்வளவுதான். முதல் ஊசி முடிந்ததும் அண்ணாச்சி "போட்டாச்சா?" என்றார். கிருமி தொற்றுவது சில ஆயிரம் ஊசிகளில் ஒன்றுதான், ஆனால் தொற்றினால் பார்வையையே பறிக்கும். ஊசி போட்ட அடுத்த சில நாட்களில் வலி கூடினாலோ, சிவந்தாலோ, பார்வை குறைந்தாலோ மறுநாள் பார்க்கலாம் என்று படுக்காமல் அன்றைக்கே வந்துவிடுங்கள். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். உடம்பின் மற்ற இடங்களில் வி.இ.ஜி.எஃப். தேவையான பொருள். கருவில் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று இல்லாவிட்டால்கூட எலிக்குஞ்சு பிழைப்பதில்லை என்று 1996-லேயே காட்டியிருக்கிறார்கள்.

என்னை மிகவும் வருத்துகிற விஷயம் பாதியில் நிறுத்துவது. ஒரு அம்மா இரண்டு ஊசியோடு நின்றுவிட்டார். "நல்லாத் தெரிஞ்சுது, எதுக்கு இன்னும் செலவுன்னு விட்டுட்டேன்" என்றார், எட்டு மாதம் கழித்து, கண் முழுக்க ரத்தத்தோடு. ஊசி பிடித்து வைப்பது ஏற்கெனவே அனுப்பிய ஆளை மட்டும். மருந்தின் பலம் சில வாரங்களில் தீர்ந்துவிடும், அடைத்த குழாய் அடைத்தபடியே இருக்கும், விழித்திரை மறுபடி ஆள் அனுப்பும். அதனால்தான் மாதாமாதம் வரச் சொல்கிறோம், பிறகு விழித்திரையின் வீக்கத்தைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் பார்த்து இடைவெளியை நீட்டுகிறோம். தொடர்ந்து வர முடியாது என்று தெரிகிறவர்களுக்குப் புதுக் குழாய் இருந்தால் லேசரையும் சேர்த்தே செய்துவிடுவது என் வழக்கம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாமல் ஊசியை மட்டும் நம்பினால் ஊசியும் தோற்கும்.

நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. இவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அது தெரிந்த அன்றே, கண் நன்றாகத் தெரிந்தாலும், சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும், அதன்பின் வருடம் ஒருமுறை. முதல் வகை என்றால் ஐந்து வருடத்துக்குள் தொடங்கலாம். சர்க்கரை உள்ள பெண்கள் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்திலேயே ஒருமுறை. கண்ணாடிக் கடையில் நம்பர் பார்ப்பது இந்தப் பரிசோதனை ஆகாது.

சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் எழுத்து தெரியாது. பைக்கில் தனியாக வராதீர்கள். அண்ணாச்சிக்கு இடது கண்ணில் லேசர் முடிந்து அந்தச் சிவப்பு இழைகள் வாடிவிட்டன, வலது கண்ணில் ஆறு ஊசி ஆகியிருக்கிறது, கோடு நேராகிவிட்டது. அவரை அழைத்து வருவது அந்த மகன்தான். போன முறை, தனக்கும் சர்க்கரை எட்டிப் பார்த்திருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். வயது 34. அன்று அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு மகனுக்குச் சொட்டு விட்டோம்.