முகத்தை மறைத்தால் போதுமா?

முகத்தில் ஒரு ஸ்மைலியை ஒட்டிவிட்டு, "பேர் போடலையே சார், அப்புறம் என்ன?" என்று கேட்கும் பழக்கம் நம் சுகாதாரப் பணியாளர்களை விட்டுப் போவதாகத் தெரியவில்லை. மறுபடியும் ஒரு கர்ப்பிணியின் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் மலைப்பக்கம் ஒரு குக்கிராமத்தில் எத்தனை கர்ப்பிணிகள் இருந்துவிடப் போகிறார்கள்? சேலை, திண்ணை, பின்னால் கட்டியிருக்கும் மாடு, ஏதாவது ஒன்று தெரிந்தாலே ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள். போதாததற்கு ஜிபிஎஸ் கேமரா. வீட்டுக்குப் போனதற்குச் சான்றாக எடுத்த படத்தின் அடியில் ஊர், தேதி, நேரம் எல்லாம் அச்சாகியிருக்கும். முகத்தை மறைத்தவர் அதை மறைப்பதில்லை. கையிலிருக்கும் தாய் சேய் அட்டையில் கணவர் பெயரும் செல்போன் எண்ணும் பளிச்சென்று தெரியும். அலுவலகத்துக்கு எடுத்த படம் ஸ்டேட்டஸுக்கு வரவே கூடாது. (அலுவலகக் குழுவுக்கே அது தேவையா என்று மேலிடமும் யோசிக்கலாம்.)

"சம்மதம் வாங்கினோம்" என்பார்கள். பிபி பார்த்துக்கொண்டே கேட்டால் யார் மறுப்பார்?

கர்ப்பிணிக்கு 18 வயது ஆகவில்லையா? செல்போனைப் பைக்குள் வையுங்கள். சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி பெயர், படம் மட்டுமல்ல, குடும்பம், பள்ளி, குடியிருப்புப் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை. 'குழந்தைத் திருமணத்தைத் தடுத்தோம்' குழுப்படங்களும் இதை நினைத்தால் நல்லது.

விழிப்புணர்வுப் படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். தண்ணீரிலிருக்கும் புளோரைடால் பல்லில் விழும் கறையைக் காட்ட வேண்டுமானால் பல் மட்டும் தெரிய வெட்டிப் போடுங்கள். 'கொதிக்கவைத்தால் புளோரைடு போய்விடும்' என்ற ஃபார்வர்டின் கீழ் 'தவறு' என்று எழுதி மறுபடி அனுப்பாதீர்கள். உங்கள் வரி உதிர்ந்துவிடும், பொய் மட்டும் ஊர் சுற்றும். சரியானதைப் புதிதாக எழுதுங்கள்: கொதித்தால் தண்ணீர்தான் வற்றும், புளோரைடு தங்கிவிடும், குடிக்க, சமைக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், போர்வெல் தண்ணீர் துணி துவைக்க. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இதையே தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரு நிமிடத்துக்குள் பேசி அனுப்பினால் பாட்டிமாரும் கேட்பார்கள்.

குழுவில் யாராவது சுகர் ரிப்போர்ட்டைப் போட்டு விளக்கம் கேட்டால், அங்கேயே பதில் சொல்ல வேண்டாம். நீங்கள் அட்மின் என்றால் அதை நீக்கிவிட்டு அவருக்கு போன் போடுங்கள்.

தவறிப்போய் ஒரு படம் போய்விட்டதா? 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதை அழுத்தினால் உங்கள் போனில் மட்டும்தான் மறையும். 'அனைவருக்கும் நீக்கு' இரண்டு நாள் சொச்சம்தான் வேலை செய்யும். நீக்கிய கையோடு, தயவுசெய்து, படத்திலிருப்பவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டார் வாயால் அவர் கேட்க வேண்டாம்.